வினாகிரிக் கொட்டிலும் வெயிலும்

சிலாபத்திலிருந்து புத்தளத்துக்குச் செல்லும் பெருவீதியில் வடக்கு நோக்கி வருபவர்க்கு இடப்புறத்தே அகன்ற நீர்ப்பரப்பொன்று அண்மையில் அமைந்திருக்கும் ஊர் முந்தல். அவ்வாவிக்கு மேற்கே மணற்றிடரில் உடப்புக் கிராமம் உள்ளது; அதற்கும் அப்பால் கடல். ஒல்லாந்தர் கால்வாய் என வழங்கும் நீர்வழி இவ்வாவியை வடக்கே புத்தளக் களப்போடும் தெற்கே சிலாபத்தோடும் தொடுக்கின்றது. வீதியின் இருமருங்கும் தென்னந்தோட்டங்கள். இலங்கையின் தென்னை முக்கோணம் எனப்படும் நிலப்பரப்பில் இப்பகுதியும் சேர்ந்தது. நாட்டின் தென்னை ஆராய்ச்சி நிலையமும் இம்மாவட்டத்தின் தென்பாகத்தில், லுணுவிலையில், 1929 ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகின்றது.

தென்னை தருவது தேங்காய் மட்டுமன்று. விரியாத பாளையை வரிந்து கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிவிட்டால் ஊறிவரும் சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கு சீனி உண்டு. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசி, அச்சாற்றை நொதியாது காத்துக் காய்ச்சினால் பாணியும் கருப்பட்டியும் கிடைக்கும். சுண்ணாம்பு இடாத முட்டியிலோ, சாறு மரத்தின் உச்சியிலேயே நொதிக்கத் தொடங்கி ஒருநாட் பொழுதிற் கள்ளாகிவிடும். அந்தக் கள்ளைக் காற்றுப்படும்படி மேலும் விட்டுவைத்தால் அது புளித்து வினாகிரியாகும். அச்சாறு போடுவதற்கும், இறைச்சி மீன் முதலியவற்றைப் பக்குவம் செய்வதற்கும் தென்னை வினாகிரிக்கு இந்நாட்டுச் சமையலில் நிலையான இடம் உண்டு.

கள் இறக்குதலும் மதுவகைகளை ஆக்குதலும் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அனுமதிப்பத்திரம் இன்றி வீட்டில் மது ஆக்குதல் குற்றமாகும். ஆதலால் இங்கு விளக்கப்படுவது, முறைப்படி பெற்ற கள்ளை வினாகிரியாக்கும் சிறு குடும்பம் ஒன்றின் கொட்டில் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே. எனினும் அதன் பின்னணியிலுள்ள இயற்கை விதிகள் எந்த நொதித்தலுக்கும் பொதுவானவை.

இருநூறு இலீற்றர்ப் பீப்பாய் ஒன்றை நிரப்புவது இலேசான செயலன்று. ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏறி இறங்கிய உழைப்பு அதனுள் அடங்கியுள்ளது. வினாகிரி முதிர்வதற்கு மாதங்கள் செல்லும். அதுவரை அதிலிருந்து ஒரு சதமும் வருவதில்லை. இந்நிலையில் பங்குனி வெயிலில் ஒரு கிழமை பீப்பாய் சூடேறிவிட்டால் நொதித்தல் இடையில் நின்று சாறு கெட்டுப்போகலாம். அல்லது மதுசாரம் ஆவியாகிப் பறந்து, வலிமையற்ற புளித்தண்ணீர் மட்டும் மிஞ்சலாம். கடைகளிலோ அசற்றிக்கமிலத்தை நீரிற் கலந்த செயற்கை வினாகிரி மலிவாகக் கிடைக்கின்றது. அதனோடு போட்டியிட வேண்டிய குடும்பம் ஒரு பீப்பாயின் நட்டத்தையேனும் எளிதில் தாங்கமாட்டாது. ஆகவேதான் ‘கொட்டிலைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எப்படி?’ என்ற கேள்வி இக்கரையோரத்தில் வெறும் வசதி பற்றிய கேள்வியாக நின்றுவிடுவதில்லை.

அக்கேள்விக்கு விடை காணுமுன், எவ்வளவு குளிர்ச்சி வேண்டும் என்பதைத் தெளிதல் வேண்டும். ஐரோப்பிய நாட்டு நூல்கள் திராட்சை மதுவை 12 முதல் 15 பாகை செல்சியசு வரையுள்ள நிலவறையில் வைக்குமாறு கூறும். அதைப் படித்த சிலர், நிலத்தைத் தோண்டினால் அத்தகைய குளிர்ச்சி எங்கும் கிடைக்கும் என்று எண்ணுவதுண்டு. அவ்வெண்ணம் இந்நாட்டுக்குப் பொருந்தாது. பாரிசு நகரத்து வானாய்வுக்கூடத்தின் அடியில், ஏறத்தாழ 28 மீற்றர் ஆழத்தில், நிலவறைகள் உள்ளன. அங்கே கோடையிலும் மாரியிலும் வெப்பமானி 12 பாகைக்குச் சற்றுக் குறைவான ஒரே அளவிலேயே நிற்பதை 18 ஆம் நூற்றாண்டின் அறிஞர்கள் கண்டறிந்தனர். அதன் காரணம் ஆழத்தில் ஏதோ தனிக் குளிர்ச்சி ஊறுவதன்று. வெயிலின் ஏற்ற இறக்கம் மண்ணின் மேற்பகுதியிலேயே தேய்ந்துவிடுகின்றது. அதற்குக் கீழே, அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டிய அளவே நிலைத்து நிற்கின்றது. பாரிசின் சராசரி தாழ்ந்தது. ஆதலால் அதன் நிலவறையும் குளிர்ந்தது.

புத்தளம் கரையோரத்தின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 28 பாகை. ஆகவே முந்தலில் எத்துணை ஆழமாகத் தோண்டினாலும் மண் 28 பாகை அளவிலேயே இருக்கும். அதற்குக் கீழே இறங்கப்போவதில்லை. அன்றியும் வாவியை அடுத்த மணல் நிலத்திற் சிறிது ஆழத்திலேயே நீர் ஊறிவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் பள்ளம் குளமாகிவிடும். மதுவுக்குரிய 12 பாகைக் குளிர்ச்சியை இக்கரையில் இயற்கை தருவதில்லை. அது வேண்டுமாயின் மின்சாரக் குளிர்சாதனப் பெட்டியே வழி.

ஆனால் வினாகிரி மதுவைப்போன்றதன்று. சாற்றிலுள்ள சீனியை மதுசாரமாக்குவது மதுவம் என்னும் நுண்ணுயிர். அது 25 முதல் 32 பாகை வரையான வெப்பத்தில் நன்கு தொழிற்படும். 35 பாகைக்கு மேற் சோர்வடைந்து, மேலும் ஏறினால் அழிந்துபோகும். அம்மதுசாரத்தை ஒட்சிசனின் துணையோடு அசற்றிக்கமிலமாக மாற்றுவது மற்றொரு நுண்ணுயிர். அது பற்றீரியா இனத்தைச் சேர்ந்தது. 28 முதல் 30 பாகை வரையான வெப்பமே அதற்கு மிகவும் உகந்தது. பிரான்சு நாட்டுக் குளிரில் வினாகிரி செய்வோர் அறையை நெருப்பிட்டுச் சூடாக்க வேண்டியிருந்தது. முந்தலிலோ அந்த வெப்பத்தை இயற்கை இலவசமாகவே தருகின்றது. இவ்வூரின் நிழல் வினாகிரிக்குப் பகையன்று. அந்த நிழலின் வெப்பத்தைத் தாண்டிக் கொட்டிலுக்குள் நுழையும் மிகைச் சூடே பகை. அம்மிகைச் சூடு மூன்று வழிகளில் வருகின்றது.

முதலாவது வழி கூரை. நண்பகல் வெயிலிற் கிடக்கும் தகரக் கூரை, கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். அச்சூடு காற்றை மட்டும் வெதுப்புவதில்லை. அடுப்பின் முன் நிற்பவர் முகத்திற் படும் அனலைப்போலக் கூரையிலிருந்து நேரே கீழே பாய்ந்து பீப்பாயின் மேற்புறத்தைச் சுடுகின்றது. காற்று எவ்வளவு வீசினாலும் இந்த அனலைத் தடுக்கமாட்டாது. முந்தல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகை அளவில் இருப்பதால், ஏப்பிரில் முற்பகுதியிலும் செத்தெம்பர்த் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆதலால் கொட்டிலின் குளிர்ச்சியிற் பெரும்பங்கு கூரையைப் பொறுத்தது.

இதற்கு முன்னோர் கண்ட மருந்து கிடுகு. பின்னிய தென்னோலையின் மடிப்புகளுக்கிடையே காற்று தங்கிநிற்பதால் வெயிலின் சூடு எளிதிற் கீழே இறங்குவதில்லை. கிடுகுக் கூரையை அடிக்கடி புதிதாக வேயவேண்டும், தீக்கும் அஞ்சவேண்டும் என்பது உண்மையே. ஆயினும் தகரக் கூரை ஏற்கெனவே உள்ள இடத்தில் அதை அகற்றவேண்டியதில்லை. தகரத்துக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கிடுகை வேய்ந்தால், வெயிலைக் கிடுகு தாங்கும். இடைவெளியில் ஓடும் காற்று மிகுதிச் சூட்டைக் கொண்டுபோய்விடும். மழையைத் தகரம் தடுக்கும். அதற்கும் வசதியில்லையெனில் தகரத்தின் வெளிப்புறத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதலும் பயன் தரும். ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் அதைப் புதுப்பித்தல் வேண்டும்.

இரண்டாவது வழி சுவர். காலை வெயில் கிழக்குச் சுவரிலும் மாலை வெயில் மேற்குச் சுவரிலும் சாய்ந்து விழும். ஆதலால் கொட்டிலின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்க, குறுகிய பக்கங்கள் கிழக்கையும் மேற்கையும் நோக்குமாறு அமைப்பதே சிறந்தது. ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் வெளியிற் பட்ட சூட்டை உள்ளே கடத்துவதற்கு ஏறக்குறைய 6 முதல் 8 மணிநேரம் எடுக்கும். நண்பகலில் உள்ளே தட்பமாய் இருந்த அறை முன்னிரவில் வெதுவெதுப்பாவதன் காரணம் இதுவே. எனவே தடித்த சுவருள்ள அறையைப் பகலில் மூடியும் இரவில் திறந்தும் வைத்தல் வேண்டும். பலர் இதற்கு நேர்மாறாகப் பகலிற் காற்றுக்காகத் திறந்து, இரவிற் பாதுகாப்புக்காக மூடிவிடுகின்றனர். கள்வர்க்கு அஞ்சுவோர் கம்பிவலை அடித்த சாளரம் அமைத்தால், இரவிலும் கதவைப் பூட்டியபடியே காற்றை உள்ளே விடலாம்.

மூன்றாவது வழியைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை. அது பீப்பாய்தான். நொதித்தல் என்பதே சூட்டைப் பிறப்பிக்கும் செயல். ஒரு இலீற்றர் சாற்றிலுள்ள 150 கிராம் சீனி முழுவதும் நொதிக்கும்போது ஏறத்தாழ 20 கிலோகலோரி வெப்பம் வெளிவரும். அவ்வெப்பம் எங்கும் செல்லாது உள்ளேயே தங்குமாயின் அச்சாறு 20 பாகை சூடேறிவிடும்; 30 பாகையிலிருந்த சாறு 50 பாகையை எட்டி மதுவம் முழுவதும் மாண்டுபோகும். நடைமுறையில் அவ்வாறு நேராமைக்குக் காரணம், பாத்திரத்தின் பக்கங்கள் வழியே சூடு வெளியேறுவதே. சிறிய பாத்திரத்துக்கு உள்ளடக்கத்தை நோக்கப் பரப்பு மிகுதி, பெரியதற்குக் குறைவு. இருபது இலீற்றர்ச் சாடியோடு ஒப்பிட்டால், அதே வடிவுடைய இருநூறு இலீற்றர்ப் பீப்பாயில் ஒவ்வோர் இலீற்றருக்கும் உரிய வெளிப்பரப்புப் பாதிக்கும் குறைந்துவிடுகின்றது. சாடியிற் பழகிய கை பெரும்பீப்பாயில் ஏமாறுவது இதனாலேயே.

மதுசாரம் வினாகிரியாகும் இரண்டாம் கட்டத்தில் வெளிவரும் வெப்பம் இதனினும் பெரிது. நூற்றுக்கு 6 பங்கு மதுசாரமுள்ள கள் ஒரு இலீற்றர் முழுவதும் புளிப்பதற்குள் ஏறத்தாழ 120 கிலோகலோரி பிறக்கும். எனினும் பீப்பாயில் மெல்லப் புளிக்கும் முறையில் அது பல கிழமைகளிற் பரந்து வருவதால் துன்பம் தருவதில்லை. 1823 ஆம் ஆண்டு யேர்மனியிற் சூற்சென்பாக்கு என்பவர் புகுத்திய விரைவு முறையில், மரச்சீவல் நிரப்பிய கலத்தினூடாக மது கீழே கசிந்து இறங்க, காற்று மேலே எழும்பும். சில நாட்களில் முடிந்துவிடும் அம்முறையில் சூடும் விரைந்து குவியும். அத்தகைய கலம் வைத்திருப்போர் வெப்பமானியைக் கண்காணித்தபடியே இருத்தல் வேண்டும்.

பீப்பாயிற் பிறக்கும் சூட்டை வெளியேற்றுவதற்கு எல்லோர்க்கும் தெரிந்த துணை நீர். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனால்? பானையின் நுண்டுளைகள் வழியே கசிந்த நீர் வெளிப்புறத்தில் ஆவியாகின்றது; ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றது. ஒரு இலீற்றர் நீர் ஆவியாகும்போது கவரும் வெப்பம் ஏறக்குறைய 580 கிலோகலோரி. ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகும்போது கவருவதோ 80 கிலோகலோரி மட்டுமே. எனவே ஒரு இலீற்றர் நீரை ஆவியாக்குதல் ஏழு கிலோகிராம் பனிக்கட்டியை உருக்குதற்குச் சமமாகும். இருநூறு இலீற்றர்ச் சாறு கள்ளாகும்போது பிறக்கும் 4,000 கிலோகலோரியை அகற்றுவதற்கு, கணக்கின்படி, ஏழு இலீற்றர் நீர் ஆவியானாற் போதும். பீப்பாயைச் சணற்சாக்கினாற் சுற்றி, அதை எந்நேரமும் ஈரமாக வைத்திருப்பதன் பயன் இதனால் விளங்கும்.

ஆயினும் நீரின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை வகுப்பது காற்றின் ஈரப்பதன். நைசீரியாவின் வறண்ட வடபாகத்தில் மொகமது பா அப்பா என்ற ஆசிரியர் ஒரு பானைக்குள் மற்றொரு பானையை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பிக் காய்கறிகளைக் காக்கும் முறையைப் பரப்பி, 2000 ஆம் ஆண்டில் உலகப் பரிசொன்றும் பெற்றார். புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980களின் தொடக்கத்தில் இதே விதியைக்கொண்டு இரட்டைச் செங்கற்சுவரும் ஈரமணலும் கொண்ட குளிரறையை வகுத்தனர். வறண்ட காற்றில் இவை வியக்கத்தக்க பயன் தருவன. காற்றின் வெப்பம் 38 பாகையும் ஈரப்பதன் நூற்றுக்கு 20 பங்கும் உள்ள இடத்தில், ஈரத்துணி 21 பாகை வரையிற் குளிரக்கூடும். கடலும் வாவியும் சூழ்ந்த முந்தலிலோ, 32 பாகை வெப்பமும் 60 பங்கு ஈரப்பதனும் உள்ள பகலில் அது 25 அல்லது 26 பாகைக்குக் கீழே இறங்காது. மழைக்காலத்து ஈரக்காற்றில் அப்பயனும் குறைந்துபோகும்.

எனினும் வினாகிரிக்கு வேண்டியது 28 முதல் 30 பாகையே என்பதை நினைவிற் கொண்டால், இக்கரையின் ஈரச்சாக்கு தரும் சிறு குளிர்ச்சியே போதுமானது என்பது புலப்படும். மேலும் சோழகக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் புத்தளம் பகுதி வறண்டிருக்கும். உப்பளங்களில் உப்பு விளைவதும் அக்காற்றினாலேதான். உப்பு விளையும் நாள், ஈரச்சாக்கு நன்கு வேலை செய்யும் நாள் என்று கொள்ளலாம். ஆனால் மூடிய அறைக்குள் ஈரச்சாக்கு பயனற்றது. அறையின் காற்று சிறிது நேரத்தில் ஈரத்தால் நிறைந்துவிட, ஆவியாதல் நின்றுபோகும். ஈரமும் காற்றோட்டமும் ஒருங்கே இருந்தால் மட்டுமே குளிர்ச்சி கிடைக்கும்.

இங்கே ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. சுவரைப்பற்றிக் கூறியபோது பகலில் மூடிவைக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. பீப்பாயைப்பற்றிக் கூறும்போது காற்றோட்டம் வேண்டும் என்று சொல்லப்படுகின்றது. இரண்டையும் ஒரே அறையில் நிறைவேற்ற முயல்வதே பலர் தவறுமிடம். நொதிக்கும் பீப்பாய்க்கு வேறு இடமும், முடிந்த வினாகிரிக்கு வேறு இடமும் வேண்டும். முன்னது திறந்த நிழற்கொட்டில்: மேலே கிடுகு, கிழக்கிலும் மேற்கிலும் கிடுகுத் தட்டி, வடக்கும் தெற்கும் காற்றுக்குத் திறந்தவை, சுற்றிலும் தென்னை நிழல். பின்னது தடித்த சுவருள்ள சிறு களஞ்சியம்: வீட்டின் வடபுறத்து அறையொன்றே போதும். வேலை செய்யும் பாத்திரத்துக்குக் காற்றும், வேலை முடிந்த போத்தலுக்குச் சுவரும் துணை என்று கொண்டால் குழப்பம் நீங்கும்.

காற்றோட்டத்தை வற்புறுத்துவதற்கு வெப்பத்தினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது உயிர்ப் பாதுகாப்பு. சாறு நொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வாயு வெளிப்படுகின்றது. ஒரு இலீற்றர் சாற்றிலிருந்து ஏறத்தாழ 40 இலீற்றர் வாயு வரும். நூறு இலீற்றர்ப் பீப்பாயிலிருந்து 4 கன மீற்றர். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு காற்றினும் பாரமானது. தாழ்ந்த இடத்தில் நீரைப்போலத் தேங்கும். குளிர்ச்சியை நாடிப் பள்ளத்திலோ சாளரமற்ற சிற்றறையிலோ பீப்பாயை வைத்தவர், மூடியைத் திறக்கக் குனியும்போது நினைவிழந்து விழக்கூடும். காப்பாற்ற இறங்குபவரும் உடன் விழக்கூடும். ஆகவே நிலத்தைத் தோண்டி நொதிப்பறை அமைத்தல் ஒருபோதும் ஆகாது. பக்கத் தட்டிகளின் அடியிலும், தரையோடு ஒட்டி, ஒரு சாண் உயரமேனும் திறந்திருத்தல் வேண்டும். சிறுவர் அவ்விடத்தில் உறங்கவோ ஒளிந்து விளையாடவோ விடலாகாது. நொதித்தல் முடியாத சாற்றைப் போத்தலில் இறுக அடைப்பதும் ஆபத்தே. உள்ளே பெருகும் வாயு போத்தலை வெடிக்கச் செய்யும்.

இனி, வேலையின் ஒழுங்கு. சாற்றைத் துப்புரவான பாத்திரத்தில் வடித்து ஊற்றி, துணியால் வாய்கட்டி, ஒரு கிழமையளவு நொதிக்கவிட வேண்டும். முதல் மூன்று நாட்களே சூடு மிகும் நாட்கள். அந்நாட்களில் ஈரச்சாக்கு காயலாகாது. பெரிய பீப்பாயாயின் காலையும் மாலையும் வெப்பமானியை இட்டுப் பார்த்தல் வேண்டும். 34 பாகையைக் கண்டால் சாற்றை இரண்டு மூன்று சிறு பாத்திரங்களாகப் பிரித்துவிடுவது எளிய மருந்து. நுரை அடங்கி வண்டல் படிந்தபின் தெளிவை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, நான்கில் ஒரு பங்கு நல்ல பழைய வினாகிரியைத் தாய்ப்புளியாகச் சேர்த்து, பாத்திரத்தை நிரப்பாமல் முக்காலளவோடு நிறுத்தவேண்டும். மேலே உள்ள வெற்றிடமும் துணிமூடியும் பற்றீரியாவுக்கு மூச்சு. ஈயும் புழுவும் புகாதபடி துணி நெருக்கமாய் இருத்தல் வேண்டும்.

பாத்திரத்தின் பொருளும் கவனிக்கத்தக்கது. மரம், கண்ணாடி, உணவுக்கென ஆக்கிய பிளாத்திக்கு ஆகியவை தகும். நாகம் பூசிய வாளி, அலுமினியம், செம்பு, பித்தளை ஆகியவற்றைப் புளிப்பு அரித்து, நஞ்சை வினாகிரியிற் கலக்கும். கொட்டிலின் தகரமும் ஆணியும்கூட அப்புளிப்பாவியால் விரைவில் துருப்பிடிக்கும்; கிடுகும் கயிறும் இங்கு மேம்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வினாகிரி முதிர்ந்தபின் நேரும் கேட்டைப் பலர் வெயிலின்மேற் சுமத்துவர். பிரான்சிய அறிஞர் உலூயி பாசுத்தர் 1860களில் வினாகிரியை ஆராய்ந்து, அது உயிருள்ள நுண்பொருளின் வேலை என்பதையும், அவ்வேலை நிற்கவேண்டிய இடத்தில் தானாக நிற்பதில்லை என்பதையும் காட்டினார். மதுசாரம் தீர்ந்தபின்பும் காற்று கிடைத்துக்கொண்டே இருந்தால், பற்றீரியா தான் ஆக்கிய அமிலத்தையே உண்டு அதை நீராகவும் வாயுவாகவும் மாற்றிவிடும். நூற்றுக்கு 5 பங்கு அமிலமுள்ள நல்ல வினாகிரி, விற்பனைக்குரிய 4 பங்கினும் தாழ்ந்துபோவது இவ்வாறே. இதற்கு மருந்து குளிரறையன்று. புளிப்பு உச்சத்தை அடைந்ததும் வடிகட்டி, போத்தலைக் கழுத்துவரை நிரப்பி, 60 முதல் 65 பாகைவரை வெதுப்பி, காற்றுப் புகாது இறுக மூடிவிட்டால் பற்றீரியா அழிந்து வேலை அங்கேயே நின்றுவிடும். அதன்பின் வேண்டியவை இருளும் நிலையான வெப்பமுமே.

அவ்விரண்டையும் வடபுறத்துக் களஞ்சியம் தரும். தரைமேல் ஓரடி உயரத்துக்கு மணல் மேடையிட்டு, அதிற் போத்தல்களையும் சாடிகளையும் பாதியளவு புதைத்து வைத்தால், பகலின் ஏற்றமும் இரவின் இறக்கமும் அவற்றை எட்டுவது அரிது. மேடை உயர்ந்திருப்பதால் மாரிநீரும் தீண்டாது. பகலில் மூடி இரவில் திறக்கும் வழக்கத்தைக் கைக்கொண்டால் அவ்வறை பெரும்பாலும் 27, 28 பாகை அளவில் நிற்கும். அடைத்த வினாகிரிக்கு அது போதும். திராட்சை மதுவுக்கோ பழமதுவுக்கோ அது போதாது. அத்தகைய வெப்பத்தில் மது விரைவில் மூப்படைந்து சுவை கெடும். அனுமதியோடு வாங்கிய மதுவைச் சேமிக்க விரும்புவோர் சிறிய குளிர்சாதனப் பெட்டியை நாடுவதே தக்கது; முழு அறையையும் மின்சாரத்தாற் குளிரச் செய்வது செலவை நோக்க வீண்.

இவ்வளவையும் செய்வதற்கு வேண்டிய கருவிகள் யாவை? கிடுகு, சாக்கு, மணல், சுண்ணாம்பு, வெப்பமானி ஒன்று. முதல் நான்கும் முந்தலில் கைக்கெட்டும் பொருள்கள். ஐந்தாவதைக் கடையில் வாங்கவேண்டும். ஒரு பீப்பாய் நட்டமாவதோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பமே. கையாலே தொட்டுச் சூடு பார்க்கும் பழக்கம் இங்கு உதவாது. மனித உடலின் வெப்பம் 37 பாகை. ஆகவே மதுவம் தளர்வுறும் 35 பாகைச் சாறும் கைக்குப் பெருஞ்சூடாகத் தோன்றாது. கை சூடில்லை என்று சொல்லும்போதே பீப்பாய் கெடத் தொடங்கியிருக்கக்கூடும். மாதக்கணக்கான உழைப்பைக் காப்பதற்குக் கண்ணாடிக் குழாயொன்றின் அளவீட்டை நாள்தோறும் இருமுறை பார்த்துக் குறித்துவைப்பது பெரிய சுமையன்று. அக்குறிப்பு ஓராண்டு திரண்டால், எம்மாதத்தில் சாக்கு நனைக்கவேண்டும், எம்மாதத்தில் பீப்பாயைப் பிரிக்கவேண்டும் என்பதை அக்கொட்டிலுக்கென்றே எடுத்துரைக்கும் ஏடாகிவிடும்.